மருந்து என்னும் ஒரு சொல்

நுழையும்முன்

உண்பதும் உடுப்பதும் பிற உயிர்களுக்குத் துன்பம் தராமல் அமைய வேண்டும் என்னும் எண்ணம் இன்று இளைஞரிடையே பரவி வருகிறது. அவ்வாழ்க்கை முறையைத் தமிழில் ‘நனிசைவம்’ என்பர். மழை குறைந்த கரிசல் நிலமும் பட்டாசுத் தொழிலும் ஒருங்கே அமைந்த விருதுநகர் மாவட்டத்தில் அவ்வெண்ணம் எத்தகைய கேள்விகளை எழுப்புகிறது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

இரு மருந்துகள்

சிவகாசி வட்டாரத்தில் ‘மருந்து’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நோயாளிக்குக் கொடுப்பது ஒன்று. பட்டாசுக் குழாய்க்குள் செலுத்துவது மற்றொன்று. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி முதலியவற்றை உரிய விகிதத்தில் கலந்து ஆக்கும் கலவையை அங்குள்ளோர் மருந்து என்றே வழங்குகின்றனர். அதனையே சிறு மணிகளாக்கி உலர்த்தினால் ‘மணிமருந்து’. நாளிதழ்களில் இச்சொல் பெரும்பாலும் விபத்துச் செய்திகளில்தான் இடம்பெறுகிறது. மணிமருந்து உலரும்போதோ அள்ளும்போதோ ஏற்படும் சிறு உராய்வும் பேரழிவுக்குப் போதுமானது.

திருவள்ளுவரும் ‘மருந்து’ எனும் பெயரில் ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். அது திருக்குறளின் 95ஆம் அதிகாரம். மருந்தின் பெயரால் அமைந்த அப்பகுதியில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. எப்போது உண்பது, எவ்வளவு உண்பது, உடலுக்கு மாறுபாடில்லாத உணவு எது என்பவற்றையே அதன் பெரும்பகுதி பேசுகிறது. முன்னர் உண்டது செரித்ததா, பசி உண்மையிலேயே வந்துவிட்டதா என்று தன் உடலை உற்றுநோக்கி உண்ணும் பழக்கத்தை அது வலியுறுத்துகிறது. விழிப்போடு உண்ணுதல் என்று இக்காலத்தில் புதுமையாகப் பேசப்படுவதும் இதிலிருந்து வெகுதொலைவில் இல்லை. கைபேசித் திரையைப் பார்த்தவாறே உண்டு முடித்து, உண்டது என்னவென்று நினைவில்லாமல் எழுந்துபோகும் ஒருவர் அவ்வதிகாரத்தை ஒருமுறையேனும் படிக்கலாம்.

இவ்விரு மருந்துகளும் அளவையும் கவனத்தையும் வேண்டுவன. இவற்றை ஒரே சொல்லால் குறிக்கும் ஊரில், உணவையும் உடல்நலத்தையும் உயிரிரக்கத்தையும் பற்றிய பேச்சைத் தொடங்குவது பொருத்தமே.

சொல்லும் கொள்கையும்

‘நனி’ என்பது மிகுதிப் பொருளை உணர்த்தும் உரிச்சொல். ஊன் உணவை விலக்குவது சைவ உணவுப் பழக்கம். அதனினும் ஒருபடி மேற்சென்று பால், தயிர், நெய், முட்டை, தேன் ஆகியவற்றையும் விலக்குவது நனிசைவம். உணவோடு அது நின்றுவிடுவதில்லை. தோல், பட்டு, கம்பளி முதலிய உடைமைகளும் அதன் எல்லைக்குள் வருகின்றன. 1944ஆம் ஆண்டு நவம்பரில் டொனால்டு வாட்சன் என்பவரும் அவருடைய நண்பர்கள் சிலரும் இங்கிலாந்தில் இதற்கென ஒரு சங்கத்தைத் தொடங்கி, ‘வீகன்’ என்னும் பெயரை வழக்கில் கொண்டுவந்தனர். அச்சங்கம் பிற்காலத்தில் வகுத்த வரையறையில் ஒரு நுட்பம் உள்ளது. விலங்குகளைத் துன்புறுத்துவதை முற்றிலும் ஒழித்துவிட்டவரே நனிசைவர் என்று அது கூறவில்லை; நடைமுறையில் இயன்ற அளவுக்குத் தவிர்ப்பவர் என்றே கூறுகிறது. இவ்விட்டுக்கொடுத்தல் எவ்வளவு தேவையானது என்பதைச் சிவகாசியின் தீக்குச்சி ஒன்றே காட்டிவிடும். அது பின்னர்.

தமிழகத்தில் உயிரிரக்கம் இறக்குமதியான கருத்தன்று. திருக்குறளில் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் உள்ளன. சீவகாருணியத்தைத் தம் நெறியின் அடிப்படையாகக் கொண்ட வள்ளலார், 1867ஆம் ஆண்டு வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். அங்கு மூட்டப்பட்ட அடுப்பு இன்றும் பசித்தோர்க்குச் சமைத்துக்கொண்டிருக்கிறது. விருதுநகர் மாவட்டம் திருச்சுழியில் 1879ஆம் ஆண்டு பிறந்த இரமண மகரிசி, ‘நான் யார்?’ என்னும் சிறுநூலில் அளவான சாத்துவிக உணவை மனப்பயிற்சிக்குத் துணையாகக் குறிப்பிடுகிறார். அவருடைய ஆசிரமத்தில் வாழ்ந்த இலட்சுமி என்னும் பசு 1948இல் இறந்தபோது, அதற்கு அங்கேயே சமாதி எழுப்பப்பட்டது. ஆயினும் இம்மரபுகள் எவையும் பாலை விலக்கவில்லை. பசுவைத் தாயாகப் போற்றிய மரபு, கன்றுக்குரிய பாலைக் கறப்பதைத் துன்பம் என எண்ணவில்லை. நனிசைவம் எழுப்பும் புதிய வினா இதுவே.

காந்தியடிகளின் தடுமாற்றம்

அவ்வினாவைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தவர் காந்தியடிகள். பசுக்களையும் எருமைகளையும் வளர்ப்போர் கூடுதலாகப் பால் கறக்கும்பொருட்டு அவற்றைப் படுத்திய கொடுமைகளை விவரிக்கும் வெளியீடுகள் கல்கத்தாவிலிருந்து வந்து அவர் கைக்குக் கிடைத்தன. தென்னாப்பிரிக்காவில் தால்சுதாய்ப் பண்ணையில் வாழ்ந்த காலத்தில், 1912ஆம் ஆண்டு அவரும் அவருடைய நண்பர் காலன்பாக்கும் பாலைக் கைவிட்டனர். பழங்களும் நிலக்கடலையும் ஆலிவ் எண்ணெயும் அவருக்கு உணவாயின.

ஆறு ஆண்டுகள் கழிந்தன. கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக அலைந்து உழைத்த 1918ஆம் ஆண்டில் கடுமையான வயிற்றுக்கடுப்பு அவரைச் சாய்த்தது. உடல் தேறப் பால் அருந்தியே ஆகவேண்டும் என்றார் மருத்துவர். விரதம் குறுக்கே நின்றது. அருகிலிருந்த கத்தூரிபாய், விரதம் பசும்பாலையும் எருமைப்பாலையும் எண்ணித்தானே எடுக்கப்பட்டது, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை எனக் கேட்டார். காந்தியடிகள் இசைந்தார். விரதத்தின் சொல் காப்பாற்றப்பட்டது. அதன் உள்ளம் காப்பாற்றப்படவில்லை என்னும் வருத்தம் அவரைவிட்டு நீங்கவே இல்லை. ‘சத்திய சோதனை’யில் அவர் அதனை மறைக்காமல் எழுதியுள்ளார்.

நனிசைவம் பேசுவோர் சிலர் இந்நிகழ்ச்சியைத் தவிர்த்துவிட்டு 1912ஐ மட்டும் எடுத்துக்காட்டுவர். எதிர்ப்போர் 1918ஐ மட்டும் எடுத்துக்காட்டுவர். இரண்டையும் சேர்த்துப் படிப்பதே நேர்மை. கொள்கை உறுதி ஒருபக்கம், உடலின் உண்மைத் தேவை மறுபக்கம் என இரண்டையும் ஒருசேரத் தாங்கி நின்ற ஒருவரை அப்போதுதான் காணமுடியும்.

கரிசல் அடுப்பு

விருதுநகர் மாவட்டம் மழையை நம்பியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழையே பெறும் இந்நிலத்தில் ஆறு, கால்வாய்ப் பாசனம் மிகக் குறைவு. கம்பு, சோளம், குதிரைவாலி, சாமை, உளுந்து, பாசிப்பயறு, நிலக்கடலை, எள், பருத்தி, மிளகாய் என மானாவாரியில் விளைவனவே கரிசலின் செல்வம். அவற்றை வாங்கி விற்கும் சந்தையாகவே விருதுநகர் வளர்ந்தது. பருப்பு, எண்ணெய், வற்றல் ஆகியவற்றின் விருதுநகர் விலை நிலவரம் நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் இன்றும் இடம்பெறுகிறது.

இம்மண்ணின் பழைய உணவைப் பார்ப்பவர், அது இயல்பிலேயே நனிசைவத்துக்கு அண்மையில் இருந்ததைக் காண்பர். கம்பங்கூழ், சோளச்சோறு, குதிரைவாலிச் சோறு, கானத்துவையல், பருப்புக் கடையல், முருங்கைக்கீரைப் பொரியல், எள்ளுருண்டை, கருப்பட்டி சேர்த்த உளுந்தங்களி ஆகியவை தாவரத்திலிருந்து வந்தவை. ஆனால் அவற்றை நனிசைவ உணவு என்று பெருமை பேசுவதில் ஓர் ஏமாற்றும் உண்டு. கூழில் மோர் ஊற்றிக் குடித்தனர். கருவாடு கிடைத்தபோது மகிழ்ந்து உண்டனர். கிடைக்காத நாள்களில் வெங்காயத்தையும் மிளகாயையும் கடித்துக்கொண்டனர். அது தேர்ந்தெடுத்த உணவு முறையன்று, வறுமை விதித்த உணவு முறை. இல்லாமையால் உண்ணாதவரையும் இரக்கத்தால் உண்ணாதவரையும் ஒரே வரிசையில் நிறுத்துதல் முன்னவருக்கு இழைக்கும் அநீதியாகும்.

பருத்திப்பாலைப் பற்றித் தனியே கூறவேண்டும். ஊறவைத்த பருத்திவிதையை ஆட்டிப் பிழிந்தெடுத்த பாலை, அரிசிமாவு சேர்த்து நன்கு கொதிக்கவைத்து, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய், தேங்காய்த் துருவல் ஆகியன கூட்டி அருந்துவர். மதுரையிலும் அதன் சுற்றுவட்டாரங்களிலும் தெருவோர வண்டிகளில் அது ஆவி பறக்க விற்கப்படுகிறது. சோயாப்பாலும் பாதாம்பாலும் அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்குவதற்கு நெடுங்காலம் முன்னரே, பருத்தி விளைந்த மண் தனக்கென ஒரு தாவரப்பாலைக் கண்டறிந்திருந்தது. அதே பருத்திவிதையைத்தான் கறவை மாட்டுக்கும் தீவனமாக வைக்கின்றனர் என்பது சுவையான செய்தி. ஒரே விதை, ஒரு வழியில் நேராகவும் மற்றொரு வழியில் மாட்டின் வயிற்றைக் கடந்தும் மனிதரின் குவளையை அடைகிறது. பெயரில் பால் என்று இருப்பதனாலேயே பசும்பாலின் சத்துகள் எல்லாம் இதில் இருப்பதாகக் கொள்ளுதல் கூடாது. பருத்திப்பால் பருத்திப்பாலே.

இனிப்பிலும் இவ்வட்டாரம் இரு வழிகளைக் காட்டுகிறது. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா பாலையும் சர்க்கரையையும் மட்டுமே கொண்டு கிண்டப்படுவது. 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அண்டை ஊராகிய கோவில்பட்டியின் கடலைமிட்டாய், நிலக்கடலையையும் வெல்லப்பாகையும் கொண்டது; 2020இல் அக்குறியீடு பெற்றது. ஒன்று நனிசைவருக்கு ஆகாதது, மற்றொன்று ஆகும். ஆனால் பால்கோவாவின் பின்னே இரண்டு மூன்று மாடுகளை நம்பிக் குடும்பம் நடத்தும் எண்ணற்ற வீடுகள் உள்ளன. மழை பொய்த்த ஆண்டில் வயல் கைவிட்டபோது கறவைமாடே அவ்வீடுகளைக் காத்தது. பால் வேண்டா என்று சொல்லும் எவரும், அவ்வீடுகளுக்கு வேறு என்ன வருவாய் என்னும் கேள்வியையும் சேர்த்தே சுமக்க வேண்டியவராகிறார்.

உடல் கேட்கும் கணக்கு

வளரும் பருவத்தினர் நனிசைவத்தை மேற்கொள்ள விரும்பினால், விருப்பம் மட்டும் போதாது. கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். முதலில் புரதம். நூறு கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உள்ளது. துவரம்பருப்பில் ஏறத்தாழ 22 கிராம். தானியப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. தானியம் அதனை ஈடுசெய்கிறது. சோற்றுக்குப் பருப்பும் இட்லிமாவுக்கு உளுந்தும் சேர்த்த சமையலறை, வேதியியல் பெயர்களை அறியாமலேயே இக்கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறது.

சுண்ணாம்புச் சத்துக்குப் பால் ஒன்றே வழி என்பது பலருடைய எண்ணம். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அதே அளவு பசும்பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராமே உள்ளது. எனினும் எண்களை மட்டும் பார்த்து முடிவுக்கு வருதல் தவறு. கேழ்வரகிலுள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் கால்சியத்தைப் பற்றிக்கொண்டு, உடல் அதனை உறிஞ்சுவதைக் குறைக்கிறது. ஊறவைத்து முளைகட்டினாலும் மாவைப் புளிக்கவைத்தாலும் அப்பற்று தளர்கிறது. முதல்நாள் மாலையில் கரைத்துவைத்து மறுநாள் காய்ச்சும் கூழ் முறையில் இவ்வறிவு உறைந்திருக்கிறது.

இரும்புச்சத்து இதனினும் கவலைக்குரியது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களுள் 57 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர்கள். கம்பு, கீரை, பயறு ஆகியவற்றில் இரும்புச்சத்து இருப்பினும், ஊனிலுள்ள இரும்பைப்போல் அது எளிதில் உடலில் சேர்வதில்லை. உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால் வைட்டமின் சி அதற்குக் கைகொடுக்கும். உணவு முடிந்தவுடன் அருந்தும் தேநீரோ அதனைத் தடுத்துவிடும். தொழிற்கூடங்களில் மதியச் சோற்றுக்கு மேலே உடனே ஒரு தேநீர் அருந்துவது பெருவழக்கு. அத்தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தல் செலவே இல்லாத ஒரு தற்காப்பு.

எந்தச் சமையலறையாலும் தீர்க்க முடியாத குறை ஒன்று உண்டு. அது வைட்டமின் பி12. இதனைத் தாவரமும் ஆக்குவதில்லை, விலங்கும் ஆக்குவதில்லை, நுண்ணுயிரிகளே ஆக்குகின்றன. விலங்குணவின் வழியாகவே அது பெரும்பாலும் மனிதரை அடைகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மைக்ரோகிராமே போதும். ஆனால் அது இல்லாவிடில் குருதிச்சோகையும் கைகால் மரத்துப்போதலும் நினைவுத் தளர்ச்சியும் வரும். கல்லீரலில் உள்ள இருப்பு சில ஆண்டுகளுக்குத் தாக்குப்பிடிப்பதால், குறை உடனே வெளியே தெரிவதில்லை. பழைய சோற்றிலோ கீரையிலோ நம்பத்தக்க அளவில் இது கிடைப்பதில்லை. ஆகவே நனிசைவர் மருத்துவரின் அறிவுரைப்படி பி12 மாத்திரையையோ அது செறிவூட்டப்பட்ட உணவையோ எடுத்துக்கொள்ளுதல் கட்டாயமாகும். அம்மாத்திரைக்குரிய சத்து நுண்ணுயிரிகளை வளர்த்தே எடுக்கப்படுவதால் கொள்கைக்கும் இழுக்கில்லை. இதனைச் சொல்லாமல் நனிசைவத்தின் நன்மைகளை மட்டும் பேசும் பேச்சு, இளையோருக்குத் தீங்கு செய்யும்.

பள்ளிச் சத்துணவில் முட்டை வழங்கப்படுவதை நனிசைவக் கண்கொண்டு குறைகூறுவோரும் உளர். வீட்டில் பருப்பும் கடலையும் நாள்தோறும் கிடைக்காத குழந்தைக்கு அந்த முட்டை ஒரு பெருந்துணை. விலக்கும் உரிமை போதிய உணவு உள்ளவருக்கே பொருளுடையது. விருதுநகர் மண்ணில் பிறந்து முதலமைச்சராகிய காமராசர் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தபோது, அவர் முன் நின்றது பசி என்னும் ஒரே கேள்விதான்.

தீக்குச்சியின் முனையில்

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். மழை குறைந்த, காற்றில் ஈரமில்லாத சிவகாசிச் சூழல் அத்தொழிலுக்கு ஏற்றதாய் அமைந்தது. தீப்பெட்டியின் ஒட்டுத்தாள் தேவையிலிருந்து அச்சுத்தொழில் வளர்ந்தது. உடன் பட்டாசுத் தொழிலும் பெருகியது. இந்தியாவின் பட்டாசு உற்பத்தியில் ஏறத்தாழ 90 விழுக்காடு இன்று இவ்வட்டாரத்திலிருந்தே வருகிறது.

தீக்குச்சியின் முனையில் உள்ள பொட்டாசியம் குளோரேட்டையும் கந்தகத்தையும் குச்சியோடு பிடித்துவைப்பது ஒரு பசை. மரபாக அது விலங்கின் எலும்பையும் தோலையும் கொதிக்கவைத்து எடுக்கும் வச்சிரப்பசையாகும். எரியும்போது நுரைத்து, தீ சீராகப் பரவ அது உதவுகிறது. அச்சுக்கூடங்களில் படம் எடுக்கப் பயன்பட்ட ஒளிப்படச் சுருளின் மேற்பூச்சும் அவ்வாறே விலங்கிலிருந்து பெறப்படும் செலட்டின்தான். ஆக, நனிசைவ உணவைச் சமைக்கும் அடுப்பைப் பற்றவைத்த குச்சியிலும், அந்நாளைக் காட்டிய நாட்காட்டியிலும் ஏதோ ஒரு விலங்கின் பங்கு இருந்திருக்கிறது. முழுமையான விலகல் ஒருவருக்கும் இயலாது. இவ்வுண்மையை அறிந்தவர் பிறரை எளிதில் பழிக்கமாட்டார். ‘இயன்ற அளவுக்கு’ என்னும் அச்சங்கத்தாரின் சொல்லை மதிப்பார்.

கை கழுவும் நேரம்

தன்னைப் பேணுதல் என்றவுடன் ஓய்வு, ஊக்கமூட்டும் வாசகம், நறுமணக் குளியல் என்று எண்ணுவோர் பலர். பட்டாசுத் தொழிலாளிக்கு அது வேறு பொருள் கொண்டது, கைகழுவலில் தொடங்குவது. அலுமினியப் பொடி படிந்து கையும் முகமும் வெள்ளிபோல் மின்னும் தொழிலாளரைப் படங்களில் பலரும் பார்த்திருக்கலாம். அப்பொடி நெடுங்காலம் மூச்சில் கலந்தால் நுரையீரல் கெடும். கந்தகத் தூள் கண்ணையும் தோலையும் எரிக்கும். பச்சை ஒளிக்குப் பயன்பட்டுவந்த பேரியம் உப்பு வயிற்றுக்குள் சென்றால் நஞ்சு. சோற்றில் கைவைக்குமுன் சோப்பிட்டு நன்கு கழுவுதல், வேலை உடையோடு வீட்டுக்குள் நுழையாமை, குழந்தையைத் தூக்குமுன் குளித்தல் ஆகியன அங்கு வெறும் தூய்மைப் பழக்கங்களல்ல, உயிர்க்காப்புகள்.

தூசு வேலை செய்வோர் வெல்லமும் வாழைப்பழமும் உண்டால் உள்ளே சென்ற தூசு இறங்கிவிடும் என்றொரு நம்பிக்கை தமிழகமெங்கும் உண்டு. உணவு செல்லும் குழாய் வேறு, மூச்சு செல்லும் குழாய் வேறு. நுரையீரலில் படிந்த தூசை வாழைப்பழம் எட்டவே முடியாது. பழம் நல்ல உணவுதான்; ஆனால் முகக்கவசத்துக்கு அது மாற்றாகாது. இவ்வுண்மையை அன்போடு எடுத்துச்சொல்வது வீட்டில் படித்த பிள்ளைகளின் கடமை.

உடையிலும் ஒரு வியப்பான ஒற்றுமை உண்டு. பட்டுப்புழுவைக் கொன்றே பட்டு எடுக்கப்படுவதால் நனிசைவர் பட்டை விலக்கிப் பருத்தியை நாடுவர். வெடிமருந்துக் கூடத்திலும் பருத்தி உடையே வலியுறுத்தப்படுகிறது. பட்டும் செயற்கை இழையும் உராயும்போது நிலைமின்னேற்றம் உண்டாகி, கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி மருந்தைப் பற்றவைத்துவிடக்கூடும். இரக்கமும் பாதுகாப்பும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே துணியைத் தேர்ந்தெடுக்கின்றன.

மருந்தைக் கையாளும்போது வேண்டிய முதல் பண்பு அவசரமின்மை. வெயில் ஏறுமுன் கலவை வேலையை முடித்தல், ஒரு நேரத்தில் சிறிதளவே வைத்துக்கொள்ளல், தேய்க்காமல் இழுக்காமல் மெல்ல எடுத்தல், ஓர் அறையில் அளவுக்கு மேற்பட்டோர் கூடாமை ஆகிய ஒவ்வொன்றும் கவனத்தைக் கோருவன. ஆனால் கூலி எண்ணிக்கையைப் பொறுத்தது. விரைந்து செய்தால்தான் வருவாய். தீபாவளி நெருங்க நெருங்க நெருக்கடி கூடும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாறான நிகழ்ச்சிகளுக்குப் பின்னர்த் தொழிலாளரின் கவனக்குறைவு என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். தூக்கமும் நல்லுணவும் போதிய கூலியும் விதிப்படி அமைந்த கூடமும் இல்லாத இடத்தில், கவனத்தை மட்டும் தனியே எதிர்பார்த்தல் நியாயமன்று. தன்னைப் பேணுதல் தனிமனிதரின் பழக்கம். அதற்கு இடமளித்தல் நிறுவனத்தின், அரசின், பட்டாசு வாங்குவோரின் பொறுப்பு.

ஒலியும் சிறகும்

பட்டாசின் மறுமுனையில் விலங்குகளும் பறவைகளும் உள்ளன. மனிதச் செவிக்கு எட்டாத மிகையதிர்வெண் ஒலிகளையும் கேட்கவல்ல நாய்க்கு வெடியோசை பெருந்துன்பம். இரவில் அடைந்திருக்கும் பறவைகள் அஞ்சிக் கலைந்து இருளில் எழும்புகின்றன. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலைத் தாண்டும் வெடிகளுக்கு விதிகள் தடை செய்துள்ளன. உச்சநீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று வழங்கிய தீர்ப்பில் பேரியம் உப்புகளை விலக்கி, புகை குறைந்த பசுமைப் பட்டாசுகளுக்கு மட்டும் இசைவு தந்து, தீபாவளியன்று வெடிக்கும் நேரத்தை இரண்டு மணியாகக் குறைத்தது. தமிழகத்தில் அது காலை 6 முதல் 7 மணிவரை, இரவு 7 முதல் 8 மணிவரை எனப் பகுக்கப்பட்டது. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த பசுமைப் பட்டாசு நுண்துகள்களை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைக்கிறது. குறைக்கிறதேயன்றி ஒழிப்பதில்லை.

பெருநகரப் பள்ளி ஒன்றில் ‘பட்டாசு வேண்டா’ என்று பதாகை ஏந்தும் மாணவி ஒருத்தியையும், குழாய் சுருட்டி வந்த கூலியில் தன் பள்ளிச் சீருடையை வாங்கிய சிவகாசி மாணவி ஒருத்தியையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்கலாம். முன்னவளின் இரக்கம் மெய்யானது. பின்னவளின் அச்சமும் மெய்யானது. நாயின் நடுக்கத்தைக் காணும் கண், அவ்வெடியைச் செய்த கையின் வெள்ளி மினுக்கத்தையும் காணவேண்டும். ஒலியைக் குறைத்து ஒளிதரும் வகைகளை மிகுதியாக ஆக்குதல், ஆபத்தான பணிகளில் மனிதக் கைக்கு மாற்றாக இயந்திரத்தைப் புகுத்துதல், இளைய தலைமுறைக்கு வேறு தொழில்களுக்கான கல்வியைத் தருதல் எனப் பல வழிகள் பேசப்படுகின்றன. எதுவும் ஒரு தீபாவளிக்குள் நிறைவேறிவிடாது.

இதற்கிடையே சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூரை அடுத்த கொள்ளுகுடிப்பட்டி ஊரார் தாமாகவே ஒரு முடிவெடுத்து, பல்லாண்டுகளாக அதனைக் காத்து வருகின்றனர். அங்குள்ள கண்மாய்கள் 1977ஆம் ஆண்டு வேட்டங்குடிப் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டன. வடகிழக்குப் பருவமழையோடு நாரைகளும் கொக்குகளும் வந்து கண்மாய் மரங்களில் கூடுகட்டும் காலத்தில்தான் தீபாவளியும் வருகிறது. முட்டையும் குஞ்சுமாய் இருக்கும் பறவைகள் கலைந்துவிடக் கூடாது என்பதற்காக அவ்வூரார் பட்டாசு வெடிப்பதில்லை. திருவிழாக்களிலும் வேட்டுப் போடுவதில்லை. ஆணையோ தண்டனையோ அவர்களை அவ்வாறு நடக்கச் செய்யவில்லை. தீபாவளியையொட்டி வனத்துறையினர் ஊருக்குள் வந்து, வீடுதோறும் இனிப்பு வழங்கிச் செல்கின்றனர். அவ்வூர்க் குழந்தைகள் பண்டிகை நாளின் விடியற்காலையில் கேட்பது கண்மாய்க்கரைப் பறவைகளின் குரலை.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டில் ஒரு வாரம் உண்ணும் உணவுகளைக் குறித்துவைத்து, அவற்றுள் தாவரத்திலிருந்து மட்டுமே பெறப்பட்டவை எவை எனப் பிரித்து வகுப்பறையில் கலந்துரையாடுக. அவற்றில் இரும்புச்சத்தும் வைட்டமின் பி12உம் எந்த அளவில் கிடைக்கின்றன என்பதை உயிரியல் ஆசிரியரின் துணையோடு ஆராய்க.

2. ‘பட்டாசுத் தொழிலாளரின் வாழ்வும் பறவைகளின் வாழ்வும்’ என்னும் பொருளில், இரு தரப்பிலிருந்தும் உரையாடல் வடிவில் எழுதுக.